வலியும் வேதனையும்: இரு சொற்களும் ஒரு மருத்துவ வரலாறும்

திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிப்பது புதிதன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை அந்நகரைத் தலைநகராகக் கொண்ட ஆட்சிப்பரப்பிற்குள்தான் இருந்தது. எல்லை மாறிய பின்னரும் குமரி நோயாளிகள் மேற்கு நோக்கிச் செல்வது தொடர்கிறது. அங்கு அவர்கள் எதிர்கொள்ளும் சொல் 'வேதன'. மலையாளத்தில் தலைவலி 'தலவேதன', மனத்துயர் 'மனோவேதன'. உடலுக்கும் உள்ளத்திற்கும் சொல் ஒன்றே. இன்றைய தமிழ் வழக்கோ பெரும்பாலும் உடலுக்கு 'வலி' என்றும் உள்ளத்திற்கு 'வேதனை' என்றும் பிரித்து வைத்திருக்கிறது.

இப்பிரிவினை தமிழுக்குத் தொன்மையானதன்று. பிணியைக் குறிக்கும் 'நோய்' என்னும் சொல்லையே காமத்துப்பாலில் வள்ளுவர் பிரிவுத்துயருக்கும் ஆள்கிறார். இன்றும் பேச்சுவழக்கு இவ்விரண்டையும் முழுமையாகப் பிரித்துவிடவில்லை. உளைச்சல் காலுக்கும் உண்டு, மனத்திற்கும் உண்டு. எரிச்சல் புண்ணிலும் எழும், சினத்திலும் எழும். குடைச்சல் எலும்பிலும் தோன்றும், பிறர் தரும் தொல்லையாகவும் வரும். வலியை உடலுக்கு மட்டும் உரியதாகக் கருதாத பட்டறிவு இச்சொற்களில் படிந்துள்ளது.

'வேதனை' என்பதன் மூலமான 'வேதனா', அறிதலைக் குறிக்கும் 'வித்' என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. பௌத்த மரபில் அது துன்பத்தை மட்டும் குறிப்பதன்று. இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை என்னும் மூவகை நுகர்ச்சிக்கும் பொதுப்பெயர். சம்யுத்த நிகாயத்தின் சல்ல சுத்தம் ஓர் உவமையைத் தருகிறது. உடல்வலி முதல் அம்பு. அதனைக் கண்டு அஞ்சிப் புலம்பும் மனம் தானே எய்துகொள்ளும் அம்பு இரண்டாவது. பயிற்சி பெற்றவர் இரண்டாம் அம்பைத் தவிர்க்கிறார் என்பதே அதன் கருத்து. முதல் அம்பு இல்லாமற் போகும் என்று அந்நூல் கூறவில்லை. மனத்தால் வலியைத் தணித்தல் பற்றிய பிற்கால விவாதங்களில் அடிக்கடி மறக்கப்பட்டது இவ்வேறுபாடே.

மருந்தின்றி மனத்தின் வழியாக அறுவை வலியைக் கடக்கும் முயற்சிக்கு இந்தியாவில் ஒரு காலனிய வரலாறு உண்டு. 1845-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், 'மெஸ்மரிசம்' எனப்பட்ட மயக்கநிலையில் நோயாளிகளை ஆழ்த்தி, பெரிய கட்டிகளை அகற்றத் தொடங்கினார். 1846-இல் கல்கத்தாவில் இதற்கெனத் தனி மருத்துவமனையும் அமைந்தது. நோயாளிகள் வலியை மறைத்து நடிக்கின்றனர் என ஐயுற்ற மருத்துவர்களும் அன்று இருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்து வெளிப்படையாகச் செய்துகாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு குளோரோஃபார்ம் வந்தது. வேதிப்பொருள் எளிதாகவும் உறுதியாகவும் செய்ததைச் செய்ய மணிக்கணக்கில் நோயாளியருகே அமர்வார் யார்? மெஸ்மரிச மருத்துவம் விரைவில் பின்தள்ளப்பட்டது.

ஆயினும் அது எழுப்பிய வினா அழியவில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் வலிநிவாரணி வேண்டாமென்றதை 1946-இல் பதிவுசெய்தார். போர்க்களத்தினின்று உயிருடன் மீண்டவருக்குக் காயத்தின் பொருளே வேறாக இருந்தது என்பது அவர் தந்த விளக்கம். 1965-இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த 'வாயிற்கட்டுப்பாட்டுக் கோட்பாடு', தண்டுவடத்தை அடையும் வலிக்குறிப்புகளை மூளையிலிருந்து இறங்கும் ஆணைகள் கூட்டவோ குறைக்கவோ இயலும் என்றது. 1978-இல் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வெற்று மருந்தின் மீதான நம்பிக்கையால் விளைந்த வலிக்குறைவு, அபின்வகை மருந்துகளை முறிக்கும் நலோக்சோனால் தடைப்பட்டது. மனத்தின் எதிர்பார்ப்பு உடலில் உள்ள அபின்வகைப் பொருள்களின் வழியாகவும் செயற்படுகிறது என்பதற்கு அது தொடக்கச் சான்று. 1979-இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவின் மாசசூசெட்சில் நாள்பட்ட வலியுடையோருக்குத் தியானப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். அதே ஆண்டு பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் வலியைப் புலனுணர்வும் உள்ளுணர்ச்சியும் சேர்ந்த அனுபவமாக வரையறுத்தது. மலையாளத்தின் 'வேதன' முன்பே உணர்த்திய ஒருமையை மருத்துவம் வந்தடைந்தது எனலாம்.

ஆனால் கோட்பாடு முன்னேறிய அதே காலத்தில் இந்திய நோயாளியின் நிலை பின்னோக்கிச் சென்றது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினைப் பெறுவதற்குக் கடும் உரிமமுறைகளை விதித்தது. 1997-இல் நாடு முழுவதற்குமான மருத்துவ மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 18 கிலோவாகச் சுருங்கியது. உலகிற்கே மருத்துவ அபின் விளைவித்து வழங்கிய நாட்டில் புற்றுநோயாளிகள் மார்ஃபின் இன்றித் துடித்தனர். இந்நிலையில் 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்னும் அறிவுரை மருத்துவமாகாது. அது கைவிடுதலின் மறுபெயர்.

கேரளத்தின் பங்களிப்பை இப்பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் தம் தொடக்கக் கால நிகழ்வொன்றைப் பலமுறை பொதுவெளியில் கூறியுள்ளார். புற்றுநோயால் துடித்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு நரம்பைத் தடைசெய்யும் ஊசியால் அவர் வலியை நீக்கினார். தம் நோய் தீராதது என்பதை அப்போதே அறிந்த அந்நோயாளி பின்னர்த் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வலி நீங்கியிருந்தது, வேதனை நீங்கவில்லை. உடல், உள்ளம், குடும்பம், வாழ்வின் பொருள் ஆகிய நான்கையும் உள்ளடக்கி சிசிலி சாண்டர்ஸ் 1960-களில் இலண்டனில் வகுத்த 'முழுமை வலி' என்னும் கருத்து, இத்தகைய அனுபவங்களின் வழியாகக் கேரளத்தில் வேரூன்றியது.

1993-இல் கோழிக்கோட்டில் இராஜகோபாலும் சுரேஷ் குமாரும் பிறரும் வலி மற்றும் தணிப்பு மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினர். 2003-இல் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' உருவாயிற்று. 2008-இல் கேரள அரசு தணிப்பு மருத்துவத்திற்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. பாலியம் இந்தியாவின் திருவனந்தபுரம் நிறுவனம் 2012-இல் உலக சுகாதார அமைப்பின் கூட்டுமையமானது. நெடுநாள் முயற்சிக்குப் பின் 2014-இல் சட்டமும் திருத்தப்பட்டது. மலையாளத்தில் இம்மருத்துவத்தின் பெயர் 'சாந்த்வன பரிசரணம்', அதாவது ஆறுதல் தரும் பராமரிப்பு. அதை நடத்தியவர்கள் ஆறுதலுக்காகப் போராடிய அதே காலத்தில் மார்ஃபினுக்காகவும் போராடினர். நோயாளியின் அச்சத்தைக் கேட்பது, உண்மையை அவர் தாங்கும் அளவில் உரைப்பது, உறக்கத்தையும் குடும்பத்தின் கவலையையும் கவனிப்பது ஆகியன மனத்தின் வழி வலியைக் குறைப்பவை. முதல் அம்பைப் பிடுங்க முனையாதவர் இரண்டாம் அம்பைப் பற்றி உபதேசிக்க உரிமையற்றவர் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

மொழியியலுக்கும் இங்கு ஒரு கடமை உண்டு. 1975-இல் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, புலனுணர்வையும் உணர்ச்சியையும் தனித்தனியே அளக்கிறது. குத்தல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், 'சுரீர்', 'விண்விண்' என நீளும் தமிழ்ச் சொற்களை ஆங்கிலப் பட்டியலின் நிழலாக மட்டும் பார்த்தல் தகாது. 'கால் உளையுது' என்னும் குமரி மூதாட்டியின் கூற்றில் நரம்பு எவ்வளவு, தனிமை எவ்வளவு என்பதைப் பத்துக்கு எத்தனை என்று கேட்கும் அளவுகோல் சொல்லாது. அவருக்கு மாத்திரையும் வேண்டும், அச்சொல்லைப் புரிந்துகொள்ளும் செவியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.