துண்டிக்கச் சொன்ன கட்டம்

1998இல், விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கால மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் எக்ஸ்பிரஸின் இணைப்பு அமைப்பில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: அஞ்சலை அனுப்பிப் பெற்றதும் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கவேண்டுமா? அதை வெறும் மென்பொருள் வசதியாகப் பார்ப்பது தவறு. அக்காலக் கட்டணமுறையின் பதிவு அது. இணைய மணிநேரத்துக்கு ஒரு விலை, தொலைபேசி அழைப்புக்குத் தனி விலை. இருக்கும் ஒரே இணைப்பில் இணையம் ஓடினால் வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு எங்கேஜ்டு ஒலிதான். அதனால் கடிதங்களை முன்பே எழுதி அவுட்பாக்ஸில் சேர்த்து, ஒரே மூச்சில் அனுப்பித் துண்டிப்பதே சிக்கனம்.

பெரிய ஆலைகளுக்குத்தான் எப்போதும் இணைந்திருக்கும் தனி இணைப்பான லீஸ்டு லைன் கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது, ஆனால் அந்தச் செலவு சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால் போதாதா என்றால், மீட்டர் ஓடுவது நிற்காதே. இணைப்பிலேயே இருப்பதைச் சாத்தியமாக்கியது கட்டண மாற்றம்தான், அமைப்பு மாற்றமல்ல என்பதே என் முடிவு. இணைப்பிலேயே இருப்பது பின்னர் வரையறையாகவே ஆனது: 2004 அக்டோபரில் வெளியான மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, குறைந்தது 256 கிலோபிட் வேகத்தில் எப்போதும் துண்டிக்கப்படாத இணைப்பு என்றே பிராட்பேண்டை வரையறுத்தது.