சாணைக்கல்லிலிருந்து கட்டிங் வீல் வரை: திருவள்ளூர் தொழிற்பகுதியில் தேய்ப்புச் சக்கரங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் இரும்பு வேலை நடக்கும் பட்டறைகளில் தவறாமல் காணப்படும் கருவி ஆங்கிள் கிரைண்டர். நான்கு அங்குலச் சக்கரம் பூட்டும் சிறிய எந்திரத்தைத் தொழிலாளர்கள் ‘ஏஜி4’ என்றும், ஏழு அங்குலச் சக்கரம் பூட்டும் பெரியதை ‘ஏஜி7’ என்றும் அழைப்பர். எந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும். அதில் பூட்டும் வீல் சில மணி நேரத்திலேயே தேய்ந்துவிடும். வேலையின் தரமும் செய்பவரின் பாதுகாப்பும் பெரும்பாலும் இந்த வீலைப் பொறுத்தவை. எந்த வேலைக்கு எந்த வீல் என்ற கேள்விக்கான விடை, வீல் உருவான வரலாற்றிலேயே இருக்கிறது.

குருந்தம்

எந்தத் தேய்ப்புச் சக்கரத்திலும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று அறுக்கும் கடினமான துகள். மற்றொன்று துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு. தமிழ்நாட்டில் பழங்காலத் துகள் குருந்தக்கல். சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களில் கிடைக்கும் இக்கனிமம் வேதியியலில் அலுமினியம் ஆக்சைடு ஆகும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. மாணிக்கமும் நீலமும் இதன் மணி வகைகளே. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கோரண்டம்’ என்ற பெயர் குருந்தம் என்ற சொல்லிலிருந்து சென்றது. இலண்டனில் 1798இல் சார்லஸ் கிரெவில் இக்கல்லைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரைக்குப் பின் அப்பெயர் ஐரோப்பாவில் பரவியது.

சாணை பிடிப்போர் குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து, வட்டமாக வார்த்து அச்சில் கோப்பர். வாரை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுவர். அரக்கு சூட்டில் இளகும் பொருள் என்பதால் இச்சக்கரத்தைக் கையின் வேகத்துக்கு மேல் சுழற்ற வழியில்லை. துகள் எவ்வளவு கடினமாக இருந்தாலும், சக்கரத்தின் வேகத்துக்கு எல்லை வகுப்பது பிணைப்புதான். இன்றைய வீலுக்கும் இது பொருந்தும்.

பெயர் மட்டும் திரும்பி வந்தது

1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அக்கிசன் என்பவர் களிமண்ணையும் கோக்குப் பொடியையும் கலந்து மின்சாரத்தால் சூடேற்றியபோது பளபளக்கும் படிகங்கள் கிடைத்தன. கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. குருந்தம் அதில் துளியும் இல்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அவர் தொடங்கிய கார்போரண்டம் நிறுவனம் மலிவான நீர்மின்சாரத்தைத் தேடி 1895இல் நயாகரா அருவிக்கு இடம் மாறியது. சில ஆண்டுகளில் பாக்சைட்டை மின்உலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் எடுக்கும் முறையும் வந்தது. தோண்டியெடுத்த கல்லின் இடத்தை மெல்ல மெல்ல உலையில் ஆக்கிய துகள் பிடித்துக்கொண்டது.

முருகப்பா குழுமம் 1954இல் இந்த அமெரிக்க நிறுவனத்துடனும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனத்துடனும் கூட்டுச் சேர்ந்து ‘கார்போரண்டம் யுனிவர்சல்’ நிறுவனத்தைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை அமைந்தது. சேலத்துக் கல்லின் பெயர் உலகைச் சுற்றி வந்து தமிழ்நாட்டு ஆலையின் வாசற்பலகையில் ஏறியது. செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து 1997இல் திருவள்ளூர் மாவட்டம் அமைந்தபோது திருவொற்றியூர் இம்மாவட்டத்தில் இருந்தது. பின்னரே சென்னையுடன் சேர்ந்தது. துகளை உருக்க மின்சாரம் மிகுதியாகத் தேவை. அதனால் அந்த வேலைக்கு நிறுவனம் கேரளத்தை நாடியது. அங்கே மணியாற்றில் 12 மெகாவாட் நீர்மின் நிலையத்தையும் கட்டியது.

ஆவடி, அம்பத்தூர், எண்ணூர் ஆலைகளும், பின்னர் வடக்கே கும்மிடிப்பூண்டியில் பெருகிய வார்ப்பாலைகளும் எஃகு உருட்டாலைகளும் இச்சக்கரங்களை வேண்டிய இடங்கள்.

சக்கரம் கைக்கு வந்தது

1870களில் அமெரிக்காவின் ஊஸ்டர் நகரில் ஒரு மட்பாண்டக் கூடத்தில் துகளைக் களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் சுட்ட சக்கரங்கள் உருவாயின. மேசையில் பொருத்தும் பெஞ்சு கிரைண்டரில் இன்றும் இருப்பவை இவ்வகைதான். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பது போலவே இதையும் தட்டிப் பார்த்துப் பூட்ட வேண்டும். கணீரென ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். இதன் வழக்கமான வேகம் நொடிக்கு 30 மீட்டரை ஒட்டியது.

1907இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைட் என்னும் செயற்கைப் பிசின் அடுத்த பிணைப்பாயிற்று. அதனுள் கண்ணாடி இழை வலையைப் பதித்தபோது, மெல்லிய சக்கரமும் நொடிக்கு 80 மீட்டர் வேகத்தைத் தாங்கியது. இது மணிக்கு 288 கிலோமீட்டருக்குச் சமம். ஜெர்மனியின் ஆக்கர்மான் + ஷ்மிட் நிறுவனம் ஆங்கிள் கிரைண்டரை வெளியிட்டது, திருவொற்றியூர் ஆலை நிறுவனம் பிறந்த அதே 1954இல். அந்நிறுவனத்தின் ‘ஃபிளெக்ஸ்’ என்ற வணிகப் பெயரே ஜெர்மன் மக்களின் வாயில் இக்கருவிக்குப் பெயராகிவிட்டது.

எதற்கு எது

வீலின் மேல் ‘ஏ 30 எஸ் பிஎஃப்’ என்பது போன்ற ஆங்கில எழுத்துக் குறி அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து துகள்: ‘ஏ’ என்றால் அலுமினியம் ஆக்சைடு, ‘சி’ என்றால் சிலிக்கான் கார்பைடு. எண் துகளின் பருமன். எண் கூடக்கூடத் துகள் நைசாகும். அடுத்த எழுத்து சக்கரத்தின் இறுக்கம். ‘பிஎஃப்’ என்பது பிசினும் இழைவலையும்.

எம்எஸ் எனப்படும் சாதாரண எஃகுக்கு ‘ஏ’ வகைதான் சரி. சிலிக்கான் கார்பைடு அதைவிடக் கடினமானது. கடினமானதே சிறந்தது என்று மாணவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் சூட்டில் அது இரும்போடு வேதிவினை புரிந்து சீக்கிரம் மழுங்கிவிடும். கல், கான்கிரீட், ஓடு ஆகியவற்றுக்கே ‘சி’ உகந்தது. டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் இப்போது வைரத்துகள் பதித்த பிளேடே மிகுதியாகப் பயன்படுகிறது. எஸ்எஸ் எனப்படும் துருப்பிடிக்காத எஃகு சூட்டை எளிதில் கடத்தாது. ஆகவே ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய வீலால் விரைவாக அறுக்க வேண்டும். அந்த வீலில் இரும்பு, கந்தகம், குளோரின் கலப்பு இருக்கக் கூடாது. எம்எஸ் அறுத்த வீலையே எஸ்எஸ்ஸில் வைத்தால் இரும்புத் தூள் ஒட்டி, சில நாளில் அந்த இடத்தில் துரு காணும். வாடிக்கையாளர் எஃகு போலி என்று சண்டைக்கு வருவது இதனால்தான். அலுமினியம் மென்மையானது, சாதாரண வீலின் துகள் இடுக்குகளில் அப்பி அடைத்துக்கொள்ளும். அதற்கெனத் தனி வீல் கிடைக்கிறது.

வார்ப்பாலையில் வார்ப்பின் பிசிறு நீக்கவும், வெல்டிங் மேட்டைக் கரைக்கவும் ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள, நடுவில் குழிந்த கிரைண்டிங் வீல் வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன் வழவழப்பாக்க, உப்புத்தாள் துண்டுகளை இதழிதழாக அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் போதும். ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீலின் பக்கவாட்டால் தேய்ப்பது பட்டறைகளில் அன்றாடம் காணும் தவறு. அந்த வீலின் வலிமை முழுவதும் விளிம்பை நோக்கியது. பக்கத்திலிருந்து அழுத்தினால் உடைந்து சிதறும்.

அதைவிடக் கொடியது, ஏஜி4 எந்திரத்தின் காப்புமூடியைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல வீலைப் பூட்டுவது. ஏழு அங்குல வீலுக்கு உச்சவரம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,500 சுற்று. சிறிய எந்திரங்கள் பலவும் 11,000 சுற்று ஓடும். அப்போது விளிம்பின் வேகம் 80 மீட்டருக்குப் பதிலாக 103 மீட்டரைத் தாண்டும். வீலைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். துளையும் பொருந்தாது: சிறிய வீலுக்கு 16 மில்லிமீட்டர், பெரியதற்கு 22.23. நடுமையம் தப்பிய சக்கரம் அதிர்ந்துகொண்டே சுற்றும். பெரிய வீல் சேர்த்துத் தரும் அறுப்பு ஆழம் சில சென்டிமீட்டர்தான். அதற்கு விலையாக வைக்கப்படுவது தொழிலாளியின் முகமும் கழுத்தும்.

அறிவிப்புப் பலகையும் ஒட்டுத்தாளும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சாணை எந்திரம் ஒவ்வொன்றின் அருகிலும் சக்கரத்தின் பாதுகாப்பான உச்ச வேகத்தை எழுதி வைக்க வேண்டும் என்றது; 35ஆம் பிரிவு கண்ணுக்குக் காப்பு தரச் சொன்னது. ஓரிடத்தில் நிற்கும் எந்திரத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. கையோடு சாரத்தின் மேலும் கூரைக்கும் செல்லும் கிரைண்டருக்குப் பலகை மாட்ட இடமேது? அந்தப் பலகை இப்போது வீலின் மேல் ஒட்டிய வட்டத்தாளாகச் சுருங்கியிருக்கிறது. அதில் இருப்பதும் ஆங்கிலம். கும்மிடிப்பூண்டியில் அதைப் பூட்டுபவர் பலரும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். சிவப்புப் பட்டை இருந்தால் 80 மீட்டர் வேக வீல் என்ற நிறக்குறியை மட்டுமாவது வேலைக்குச் சேரும் நாளில் காட்டிக்கொடுக்கும் மேற்பார்வையாளர்கள் சிலர் உண்டு.

நடுத்துளையைச் சுற்றிய உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பிசின் வீலுக்கு ஆயுள் பொதுவாக மூன்றாண்டு. ஈரக்காற்றில் பிசின் வலுவிழக்கும். பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் கடற்காற்று படும் பட்டறைகளில் வீல்களைத் தரையில் போட்டு வைக்காமல், உலர்ந்த அலமாரியில் தட்டையாக அடுக்கி, பழைய தேதியிட்டதை முதலில் எடுத்துச் செலவழிப்பது வழக்கமாக வேண்டும்.