மாதங்கியும் சொல்லிசையும்

உடுப்பிட்டியிலே அமெரிக்கா என்னும் பெயர் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனார் வடமராட்சியின் இவ்வூரிலும் பள்ளி நிறுவினர். அமெரிக்க மிஷன் கல்லூரி என்ற பெயர் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது. அதே நூற்றாண்டில் இவ்வூரிற் புகழுடன் வாழ்ந்தவர் சிவசம்புப் புலவர். யமகமும் திரிபும் பாடுவதில் வல்லவர். வல்வை வைத்தியலிங்கம்பிள்ளை போன்ற அறிஞர் அவரிடம் பாடங்கேட்டனர். ஒரே ஒலி அடிதோறும் மடங்கி வந்து வெவ்வேறு பொருள் தருவது யமகம். அதனைக் கேட்டுச் சுவைத்துப் பழகிய செவிகளுக்கு, அமெரிக்காவிலே தோன்றி உலகெங்கும் பரவிவிட்ட ‘ராப்’ என்னும் சொல்லிசை முற்றிலும் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. இராகத்தை விரித்துப் பாடுவது அதன் நோக்கமன்று. தாளத்தின்மீது சொற்களை அடுக்கி, எதுகையும் இயைபும் தெறிக்க விரைந்து உரைப்பதே அக்கலை. இவ்வொப்புமையைக் கேட்டுப் பண்டிதர் சிலர் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும், செவி அறிந்ததை இலக்கணம் மறுத்துவிட முடியாது.

இக்கலையின் பிறப்புக்கு ஆண்டும் நாளும் குறிப்பர். 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி, நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியில், பள்ளித் தொடக்கத்துக்குப் புத்தாடை வாங்கப் பணம் வேண்டி ஒரு பெண் விருந்தொன்று நடத்தினாள். இசைத்தட்டுக்களைச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன் கிளைவ் காம்பெல்; ‘கூல் ஹேர்க்’ என்பது அவர் பட்டப்பெயர். யமேக்காத் தீவிலிருந்து குடியேறிய குடும்பம் அது. பாட்டின் நடுவே முழவொலி மட்டும் தனித்து வருமிடத்தில் ஆடுவோர் உற்சாகங்கொள்வதை அவர் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் வைத்து, அந்தப் பகுதியையே மாறி மாறி நீட்டினார். அம்முழவின்மேற் சொற்கள் ஏறின. வறிய குடியேற்றத்தாரின் தெருவிலே, வாத்தியம் வாங்க வசதியற்றோர் கையிலே வளர்ந்த கலை இது என்பதை மறத்தலாகாது. யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி இக்கலையிற் புகழ்பெற்ற வரலாறும் ஏறக்குறைய இதே சூழலில்தான் தொடங்குகின்றது.

மாதங்கி அருள்பிரகாசம் 1975ஆம் ஆண்டு யூலை 18ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் பொறியியலாளர், ‘அருளர்’ என்னும் பெயராலே பலரும் அவரை அறிவர். அதே ஆண்டில் இலண்டனிலே தோன்றிய ஈழப் புரட்சி அமைப்பின் நிறுவுநருள் அவரும் ஒருவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து கப்பலில் வடக்கே வந்த அகதிகளை வைத்து ‘லங்கா ராணி’ என்னும் நாவலையும் அவர் எழுதினார். குழந்தைக்கு ஆறு மாதமானபோது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. ஆயின் தந்தை வீட்டில் இருந்தவரல்லர். தேடப்படுபவராகிய அவர் எப்போதாவது ஓரிரவு வந்து போவார். வந்தவர் தந்தையென்று தெரிந்தால் பிள்ளைகள் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடுமென்பதால், மாமா என்றே அவரை அறிமுகஞ் செய்தனராம். பெற்ற தந்தையை மாமா என்று கருதி வளர்ந்த பிள்ளையின் மனநிலையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துத் திருக்குடும்பக் கன்னியர் மடத்திற் படித்தபோது சித்திரத்தில் அவருக்கு நாட்டம் உண்டாயிற்று. 1983இன் பின் போர் மூண்டது. தாயார் கலா மூன்று பிள்ளைகளுடன் சென்னைக்குச் சென்று பாழடைந்த வீடொன்றிற் சிலகாலம் வாழ்ந்தார். மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். ஈற்றில் 1986ஆம் ஆண்டு இலண்டனை அடைந்தார். மறு ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியிலே பெரும் இராணுவ நடவடிக்கை நடந்தது. உடுப்பிட்டியும் அயலூர்களும் பட்ட பாட்டை முதியோர் இன்றும் மறந்திலர். அக்குடும்பம் அதற்குச் சற்று முன்னே தப்பியிருந்தது.

பதினொரு வயதை எட்டிக்கொண்டிருந்த மாதங்கி, தாம் பிறந்த நகரத்துக்கே அகதிக் குடும்பத்தின் பிள்ளையாக வந்து சேர்ந்தார். ஆங்கிலம் அறியார். தென் இலண்டனில் மிச்சம் என்னுமிடத்திலே நகரசபை கட்டிய மாடிக் குடியிருப்பிற் குடும்பத்துக்கு இடங் கிடைத்தது. நிறவெறியும் வறுமையும் மிக்க சூழல். வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியையும் திருடர் கொண்டுபோயினர். பாட்டுக் கேளாது உறக்கங்கொள்ளாத சிறுமிக்கு, சுவருக்கு அப்பால் அயல்வீட்டு இளைஞன் வைத்த இசை இரவிலே கேட்டது. அதுவே அமெரிக்கச் சொல்லிசை. மொழி விளங்காவிடினும் தாளம் விளங்கிற்று என்ற கருத்திற் பின்னாளில் அவர் பேசியதுண்டு. வானொலி களவு போனதனால் ஒரு பாடகி கிடைத்தார் என்று வானொலி நேயர்களிடம் சொல்வது சற்று வேடிக்கையே!

இசை அவருடைய முதல் தொழிலன்று. புகழ்பெற்ற சென்ட்றல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியிற் சித்திரமும் திரைப்படமும் பயின்று 2000ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 2001இல் இலங்கைக்கு வந்து தமிழ் இளைஞரைப் பற்றிப் படமெடுக்க முயன்றார். தெருச்சுவர்களில் வண்ணந் தெளித்து வரையும் முறையில் போர்க்கால யாழ்ப்பாணத்தின் உருவங்களை வரைந்து இலண்டனிற் காட்சிப்படுத்தினார். இக்காலத்தில் ‘எலாஸ்ரிக்கா’ இசைக்குழுவின் தலைவி யஸ்ரீன் பிறிஷ்மன் நண்பரானார். அக்குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றவிடத்து, பீச்சஸ் என்னும் பாடகி சிறிய மின்னிசைக் கருவியொன்றைக் காட்டித் தாமே இசையமைக்குமாறு தூண்டினார். ‘ரோலண்ட்’ நிறுவனத்தின் அக்கருவி, தாளத்தைப் பதிந்து வேண்டியவாறு திருப்பித் திருப்பி ஒலிக்கச் செய்வது. வாத்தியப் பயிற்சி வேண்டாதது. புறொங்ஸ் தெருவில் இரு இசைத்தட்டுக்கள் செய்த வேலையையே அது செய்தது.

அவர் பூண்ட பெயர் எம்.ஐ.ஏ. ‘போரிற் காணாமற் போனோர்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள் அவை; அவர் வாழ்ந்த அக்ரன் என்னும் இலண்டன் பகுதியின் பெயரோடு சேர்த்த சிலேடையுமாம். சிலேடை இலண்டனுக்கு விளையாட்டாகலாம். காணாமற் போனோரின் படங்களை ஏந்தித் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்த நாட்டில் அது வேறுவிதமாகவே ஒலிக்கும்.

‘கலாங்’ என்ற முதற் பாட்டு 2003ஆம் ஆண்டு 500 இசைத்தட்டுக்களாகவே வெளிவந்தது. அதன் வழியே பெரிய நிறுவனமொன்றின் ஒப்பந்தம் கிட்டியது. 2005இல் முதல் இசைத்தொகுப்பு வந்தபோது அதற்கு ‘அருளர்’ என்று தந்தையின் பெயரையே இட்டார். தந்தையார் அதனை விரும்பாது பெயரை மாற்றும்படி கேட்டும் மகள் இணங்கவில்லை. இல்லாத தந்தையைப் பெயராலேனும் வரவழைத்தார் போலும். அவ்வாண்டின் மேர்க்குரிப் பரிசுக்கு அது முன்மொழியப்பட்டது. அடுத்த தொகுப்புக்குத் தாயின் பெயர்: ‘கலா’.

அமெரிக்காவிற் பதிவு செய்ய எண்ணிய அத்தொகுப்புக்கு 2006இல் நுழைவு அனுமதி மறுக்கப்பட்டது. தடை நன்மையாயிற்று. இந்தியா, திரினிடாட், யமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா எனப் பல நாடுகளிற் பதிவு நடந்தது. சென்னையிலே உறுமி மேளக் கலைஞரைக் கொண்டு பதிந்த ஒலி, தமிழகக் கோயிற்றிருவிழாவின் அதிர்வை மேனாட்டு ஆடரங்குகளுக்குக் கொண்டுசென்றது. இளையராசா இசையமைத்த ‘தளபதி’ப் படப்பாட்டின் துணுக்கொன்றும் அதில் உண்டு. 2007இல் வெளிவந்த அத்தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாட்டே அவரை அமெரிக்கா முழுவதும் அறியச் செய்தது. குடியேறிகளைக் கள்வராகக் காணும் மனப்பான்மையை எள்ளி நகையாடுவது அப்பாட்டு. நடுவே துப்பாக்கி வெடியும் பணப்பெட்டி திறக்கும் ஓசையும் வரும். தொலைக்காட்சியில் அவ்வெடியோசை மாற்றப்பட்டது. அமெரிக்கப் பாடல் வரிசையில் அது நான்காம் இடம்வரை ஏறியது. ஏ. ஆர். ரகுமானுடன் சேர்ந்து செய்த திரைப்பாட்டு ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது.

2009 பெப்ரவரி 8ஆந் திகதி, பிரசவத்துக்குக் குறித்த நாளிலேயே, நிறைசூலியாகக் கிறாமி விருது மேடையில் ஏறி அமெரிக்காவின் முன்னணிச் சொல்லிசையாளர் நால்வருடன் பாடினார். அதே வாரங்களில் வன்னியிற் போர் இறுதிக் கட்டத்தில் இருந்தது. பொதுமக்களின் அழிவைப் பற்றி அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பேசினார். புலிகளுக்குச் சார்பானவர் என்று குற்றஞ்சாட்டியோர் பலர். பொதுமக்களுக்காகவே பேசுவதாக அவர் கூறினார். அவருடைய சித்திரங்களில் வந்த புலியுருவம் அவ்வையத்தை வளர்த்தது என்பதும் உண்மையே. ஆரவாரமான சின்னங்களைக் கையாளும் கலைஞர் அவற்றின் பொருளைத் தாமே முழுதும் ஆளமுடிவதில்லை. எனினும், வன்னி என்னும் பெயரையே கேட்டறியாத பல்லாயிரம் இளைஞர் அப்பெயரை அவர் வாயிலாகவே முதலிற் கேட்டனர்.

2013ஆம் ஆண்டு தொகுப்புக்குத் தம் பெயரையே ‘மாதங்கி’ என இட்டார். வீணையேந்தியவளாய்ச் சொல்லுக்கும் இசைக்கும் அதிதேவதையாகப் போற்றப்படுபவள் மாதங்கி. கலம்பக உறுப்புக்களுள் ‘மதங்கு’ என ஒன்றுண்டு. இரு வாள்களைச் சுழற்றி ஆடும் பெண்ணைப் பாடுவது அது. இவ்விரண்டாவது பொருளும் அவருக்குப் பொருந்தாமலில்லை.

2019 யூன் மாதம் பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.ஈ. என்னும் விருதை அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அருளர் காலமானார். அடுத்த மாதம், 2020 சனவரியில், மாதங்கி அரண்மனைக்குச் சென்று பதக்கத்தைப் பெற்றார். 1986இல் அகதியாக வந்த நாள்தொட்டுத் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த கலா, அரசியார் வழங்கிய அவ்வகைப் பதக்கங்களை ஆயிரக்கணக்கிற் கையாலே தைத்தவர். மகள் அன்று பதக்கத்தை ஏற்றது தாயின் அவ்வுழைப்பை முன்னிட்டே என்று அறிவித்திருந்தார்.