அக்வேரியம் டிக்கெட் காசில் கோடியக்கரை: குறைந்த செலவில் ஒரு நாள் டூர்... எப்போது போகலாம், என்ன பார்க்கலாம்?

"கண்ணாடித் தொட்டிக்குள்ள சுறா போகுமாம், நாமளும் பார்க்கப் போலாமா?" ரீல்ஸ் பார்த்துவிட்டு பிள்ளைகள் இப்படிக் கேட்காத வீடு டெல்டாவில் குறைவு. ஆனால் வேதாரண்யத்திலிருந்து சென்னை போய், அக்வேரியம் பார்த்துத் திரும்ப வேண்டும் என்றால் பஸ், சாப்பாடு, தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் என்று நாலு பேர் குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓடிவிடும். அதே பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி இல்லாத ஓர் இடம் இருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் கோடியக்கரை.

அப்படி என்ன இருக்கிறது?

கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. தமிழகக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனை இது. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-ல் இங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் விரியும் வேதாரண்யம் சதுப்பு நிலத்தையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு, 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. தமிழகத்திலிருந்து அந்தச் சர்வதேசப் பட்டியலுக்குப் போன முதல் இடம் இதுதான்.

எந்த மாதம் போகணும்?

பலரும் கோட்டை விடுவது இதில்தான். பள்ளி லீவு மே மாதம் என்பதால் அப்போது கிளம்பிப் போய், "ஒரு பறவைகூட இல்ல" என்று புலம்பித் திரும்புவார்கள். சைபீரியா வரை பரந்த வடக்குப் பகுதிகளிலிருந்து உள்ளான் வகைப் பறவைகள் வரத் தொடங்குவது அக்டோபரை ஒட்டி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால் பார்க்கிற வாய்ப்பு அதிகம். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் இதற்குள் வந்துவிடும். புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் இந்தக் காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது, விலங்குகளும் செத்தன.

பூநாரை ஏன் இளஞ்சிவப்பு?

பிள்ளைகள் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பூநாரை குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம். உப்பு நீரில் வளரும் பாசி, சின்னஞ்சிறு இறால் வகை உயிரினங்கள் ஆகியவற்றில் உள்ள நிறமிதான் மெல்ல மெல்ல இறகில் ஏறுகிறது. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சல்லடை போல வடிகட்டித் தின்னும்.

தண்ணீர் அதிகமானால் அதற்குக் கால் எட்டாது, வற்றினால் இரை கிடைக்காது. அதனால் "நேத்து இங்கதான் நின்னுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்ப வேண்டாம். அன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று வனத்துறைச் சோதனைச்சாவடியில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். கூட்டம் தூரத்தில்தான் நிற்கும் என்பதால், யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் இரவல் வாங்கிப் போகலாம்.

வெளிமானைப் பார்க்க விடிகாலையோ சாயங்காலமோதான் சரி. கறுப்பு உடம்பு, திருகிய கொம்பு என்றால் ஆண். பழுப்பு நிறத்தில் கொம்பில்லாமல் இருந்தால் பெண். அதே புல்வெளியில் மட்டக்குதிரைகளும் மேயும். ஒரு காலத்தில் வளர்ப்புக் குதிரைகளாக இருந்து காட்டோடு போனவற்றின் வாரிசுகள் இவை. பார்க்க அழகுதான். ஆனால் மானுக்கான புல்லில் பங்கு கேட்கின்றன. சீமைக்கருவேலம் வேறு புல்வெளியை விழுங்கி வருகிறது.

மீன் எங்கே பார்ப்பது?

மீன்பிடி சீசனில் காலையில் படகு கரையேறும் நேரத்துக்குக் கடற்கரைக்குப் போனால் போதும். வாவல், காலா, திருக்கை, நண்டு என்று வலையிலிருந்து பிரித்துப் போடுவதை நேரிலேயே பார்க்கலாம். அக்வேரியத்தில் பேர்ப்பலகை இருக்கும். இங்கே மீனவர்களிடம் கேட்டால் பேரோடு ருசியையும் சொல்வார்கள். ஏலம் நடக்கும்போது மட்டும் குறுக்கே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். அது அவர்களின் அன்றாடப் பிழைப்பு.

செலவு எவ்வளவு குறையும்?

சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு, அகலப்பாதையாக மாற்றி 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி ரயில் பாதை இருக்கிறது. 37 கி.மீ. தூரம். போகும் வண்டி, திரும்பும் வண்டி இரண்டின் நேரத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கோடியக்கரையிலிருந்து கடைசி பஸ் எப்போது என்பதை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது முக்கியம். அதை விட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

சரணாலயத்தில் ஆளுக்கும் வண்டிக்கும் கேமராவுக்கும் தனித்தனிக் கட்டணம். புளிசாதமும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது உத்தமம். பையை மட்டும் மூடியே வைத்திருக்க வேண்டும், குரங்குகள் பறித்துவிடும். பாவம் என்று அவற்றுக்கு பிஸ்கட் போடுவதும் கூடாது.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணைப் பார்க்கலாம். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கிய ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 30-ல் இங்கே உப்பு அள்ளினார்கள். அருகிலேயே இன்றும் உப்பளங்கள் இருக்கின்றன.

கவனிக்க வேண்டியது

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு, கோடிக்கரைப் புதைசேற்றில் வந்தியத்தேவன் சிக்கிக்கொள்வது ஞாபகம் இருக்கும். அது வெறும் கற்பனை என்று நினைத்துச் சதுப்பில் இறங்கிவிடக் கூடாது. மேலே காய்ந்தது போலத் தெரியும், கால் வைத்தால் உள்ளே வாங்கும். செல்ஃபிக்காகப் பறவைக் கூட்டத்தைத் துரத்துவதும் வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உள்ளான், திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. "கொக்குக் கறி, உள்ளான் கறி" என்று யாராவது ரகசியமாக விற்றால் வாங்கக் கூடாது. பறவை வேட்டை 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கறியை வாங்குபவரும் மாட்டுவார்.

பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் இன்னொன்றையும் விசாரிக்கலாம். கரைக்கு வரும் பங்குனி ஆமைகளின் முட்டைகளை வனத்துறை சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கும். குஞ்சுகளைக் கடலில் விடும் நாள் அமைந்தால், அதைப் பார்க்கத் தனி டிக்கெட் எதுவும் தேவையில்லை.