முறைத் தண்ணீரும் கேர்னலின் கடிகாரமும்

சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்தின் துருசு எப்போது திறக்கும், எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பது கிளிநொச்சிக் கமக்காரருக்குக் கூட்டத்தில் தீரும் விஷயம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னல் ஒரு செக்கனில் எத்தனை தடவை புரோசசரைத் தட்டி எழுப்பும் என்பது கணினி வைத்திருப்பவர் பெரும்பாலும் கேட்டிராத விஷயம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: மிச்சம் பிடிப்பதா, சொன்ன வேளைக்குக் கொடுப்பதா?

ஐ386 கணினிகளில் நெடுங்காலம் செக்கனுக்கு 100 தட்டல். 2003 இறுதியில் வந்த கேர்னலின் 2.6 பதிப்பு அதை 1000 ஆக்கியது. துல்லியம் கூடியது, மடிக்கணினியின் பற்றரியோ சும்மா இருந்த வேளையிலும் கரைந்தது. வாதங்களுக்குப் பிறகு 2005இல், 2.6.13இல், இயல்பு எண் 250 ஆக இறங்கியது. வேண்டியவர் 100ஐயோ 1000ஐயோ தெரிவு செய்யலாம்.

குளத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு: எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பது. ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 36 அடி நிறைந்து வான் பாய்ந்த ஆண்டு வேறு, தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு கைவிட்ட ஆண்டு வேறு. காலபோகத்தில் மழையும் கைகொடுப்பதால் 20,000 ஏக்கருக்கு மேல் விதைக்கலாம். சிறுபோகத்துக்கு நிற்கிற தண்ணீரைப் பார்த்து, ஏக்கரைத் தீர்த்து, பங்கு பிரித்து, முறை வைப்பார்கள்.

முறை வைப்பதில் கிடைக்கும் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால்தான் இரண்டுக்கும் உள்ள உறவு தெரியும். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வருவதைக் கிட்ட நின்று பாருங்கள். சருகும் நுரையுமாக ஒரு நாக்கு மெல்ல வரும், வெடிப்புகளில் இறங்கும், நின்றுவிடும், பின்னால் வருவது தள்ள மறுபடி நகரும். தன் தாகம் தீர்ந்த பிறகே வாய்க்கால் வயலுக்கு விடும். ஆளுக்கொரு நாள் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்தால் அந்தத் தாகத்துக்கே குளத்தில் ஒரு பகுதி போய்விடும். எல்லாருக்கும் சேர்த்துத் திறந்தால் ஒரு தடவை நனைத்தது எல்லாருக்கும் உதவும்.

ஆழ்ந்து உறங்கும் புரோசசரும் அந்தக் காய்ந்த வாய்க்கால்தான். எவ்வளவு சிறிய வேலைக்கு எழுப்பினாலும் எழும்புகிற செலவு உண்டு. அதனால் 2007இல் வந்த 2.6.21, வேலையில்லாத வேளையில் தட்டலையே நிறுத்தியது. 2008இல் 2.6.28 ஒவ்வொரு பணிக்கும் சிறு தாமத இடைவெளி தந்தது. இயல்பாக 50 மைக்ரோசெக்கன். கிட்டக்கிட்ட எழவேண்டியவை அதற்குள் ஒரே எழுப்பலில் முடிந்துவிடும். கேர்னல் கொடுப்பது மைக்ரோசெக்கன், கமக்காரர் கொடுப்பது நாட்கள். இருவரும் காத்திருப்பைக் கொடுத்தே மிச்சத்தை வாங்குகிறார்கள்.

காத்திருக்க முடியாதவர்? கேர்னல் நிகழ்நேரப் பணிகளுக்கு அந்த இடைவெளியைப் பூச்சியமாக்கி விலக்கு அளிக்கிறது. குடலைப் பருவப் பயிரும் அப்படிப்பட்டதே. அந்த வேளையில் காய்ந்தால் கதிரில் பதர்தான் மிஞ்சும். ஆனால் வாய்க்காலுக்கு ஒரு பயிரை மட்டும் விலக்கிவைக்கத் தெரியாது. ஆகவே விதைப்புக்குக் கடைசித் தேதி குறித்து, குறுகிய வயது நெல்லைச் சொல்லி, எல்லாருடைய அவசரத்தையும் ஒரே காலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். என்னை மிகவும் வியக்கவைத்தது இந்த இடம்தான், ஏனென்றால் கேர்னலும் இதைச் செய்கிறது: துல்லியம் தேவையற்ற டைமர்களை முழுச் செக்கனுக்கு நகர்த்தி ஒன்றாக எழவைக்கிறது.

மீறலிலும் ஒற்றுமை உண்டு. மேலே ஒருவர் இரவில் தன் மடையைத் திறந்தால் கீழே வயல் காயும். விண்டோஸில் இரு தட்டலுக்கு இடையிலான இயல்பு இடைவெளி 15.6 மில்லிசெக்கன்; நெடுங்காலம் ஒரு மென்பொருள் 1 மில்லிசெக்கன் கேட்டால் முழுக் கணினிக்குமே அது வந்து பற்றரியைத் தின்றது. 2020இல்தான் அது திருத்தப்பட்டது.

வேற்றுமை, இயல்பு எண்ணைத் தீர்ப்பவர் யார் என்பதில் இருக்கிறது. கேர்னலின் எண்ணை எழுதுபவருக்கு அதைப் பயன்படுத்துபவரின் முகம் தெரியாது. நல்ல நோக்கத்தோடுதான் எழுதுகிறார், ஆனால் ஊகித்து எழுதுகிறார். குளத்தின் எண்ணைத் தீர்க்கும் கூட்டத்தில் வாய்க்கால் கடைசியில் காணி வைத்திருப்பவரும் இருக்கிறார். போன சிறுபோகம் மூன்றாம் முறைத் தண்ணீர் தன் வரம்புக்கு எட்டவில்லை என்று அவர் எழுந்து சொல்லலாம். அடுத்த முறைக்கு எத்தனை நாள் என்பதை அதைக் கேட்ட பிறகே எழுதுவார்கள்.