நித்தியகல்யாணி: ஒரு மூலிகையின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் தடத்தில் உள்ள பிள்ளைப்பாக்கம் இன்று சிப்காட் தொழிற்பூங்காவால் அறியப்படும் ஊர். ஏரிப்பாசன ஊர்களாக இருந்த இப்பகுதியில் சாலையோரம், ஏரிக்கரை, சுற்றுச்சுவர் இடுக்கு என்று யாரும் நீர் ஊற்றாமலே வளரும் செடிகளில் நித்தியகல்யாணியும் ஒன்று. இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் ஐந்து இதழ்களோடு ஆண்டு முழுவதும் பூக்கும். ஆடு மாடுகள் பெரும்பாலும் இதில் வாய் வைப்பதில்லை. அதன் காரணத்தைக் கட்டுரையின் இறுதியில் காணலாம்.

எந்நாளும் பூப்பதால் நித்தியகல்யாணி என்று பெயர் வந்தது. இடுகாடுகளிலும் தானாக முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் அழைப்பர். ஒரே செடிக்கு மங்கலப் பெயரும் அமங்கலப் பெயரும் அமைந்தது விந்தைதான்.

இவ்வளவு பழகிய பெயர்கள் இருந்தாலும் இது தமிழகத்தின் பூர்வீகச் செடி அன்று. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களில் இதற்கு இடமில்லை. இதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் இதன் விதைகள் பாரிஸ் அரச தோட்டத்துக்கும், அங்கிருந்து லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்துக்கும் சென்றன. லினேயஸ் 1759-இல் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். 1837-இல் ஜார்ஜ் டான் இதைக் கதராந்தஸ் ரோசியஸ் என்று மாற்றினார். அழகுச் செடியாகக் கப்பலேறி வெப்ப நாடுகள் எங்கும் பரவிய இச்செடியை, போன இடமெல்லாம் மக்கள் மருந்தாகவும் ஆக்கிக்கொண்டனர்.

ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாடுகளிலும் நாட்டு வைத்தியம் இதை ஒரே நோய்க்குப் பரிந்துரைத்தது. அந்த நோய் நீரிழிவு. இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் உண்டு.

1952-இல் கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே இச்செடியின் இருபத்தைந்து இலைகள். அங்குள்ளோர் நீரிழிவுக்கு இதைத் தேநீராகக் குடிக்கிறார்கள் என்ற குறிப்பும் இருந்தது. கிளார்க் நோபிளுக்கும் நீரிழிவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1921-இல் இன்சுலின் ஆய்வில் பான்டிங்குக்கு உதவியாளராக முதலில் போவது யார் என்று அவரும் சார்லஸ் பெஸ்ட்டும் நாணயம் சுண்டிப் பார்த்ததாகவும், அதில் பெஸ்ட் வென்றதாகவும் சொல்வார்கள். ஓய்வு பெற்றிருந்த கிளார்க், இலைகளை வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார்.

இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது இரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஊசி வழியே செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றால் இறந்தன. சோதனை தோற்றது என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ராபர்ட் நோபிள், எலிகள் ஏன் இறந்தன என்று பார்த்தார். அவற்றின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன; எலும்பு மஜ்ஜை அழிந்திருந்தது. வெள்ளணுவை அழிக்கும் பொருள், வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோயில் பயன்படலாம் அல்லவா? 1954-இல் வேதியியலாளர் சார்லஸ் பீர் அவருடன் சேர்ந்தார். 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற ஆல்கலாய்டு பற்றிய செய்தி வெளியானது.

அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வொபோடா குழுவினரும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரண்டு மருந்துகளும் செல் பிரியும்போது உள்ளே உருவாகும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. அதனால் பிரிதல் பாதியில் நின்று செல் மடிகிறது. குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயில் அக்காலத்தில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கின்றனர். பல மருந்துகள் சேர்ந்து தந்த பலன் இது. அவற்றுள் வின்கிரிஸ்டின் முக்கியமானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1980-களில் மும்பை, டெல்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து குழந்தைகளுக்கென ஒரு பொதுச் சிகிச்சை முறையைப் பின்பற்றியது. அதிலும் வின்கிரிஸ்டின் இடம்பெற்றது.

இம்மருந்துகள் இலையில் மிக மிகக் குறைவு. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இந்தத் தேவைதான் நித்தியகல்யாணியைத் தென்தமிழகத்தின் மானாவாரிப் பயிராக்கியது. இராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை வட்டாரங்களில் வறட்சியைத் தாங்கும் இச்செடியைப் பயிரிட்டனர். மிகச் சிறிய விதை என்பதால் மணலோடு கலந்து தூவ வேண்டும். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறித்து, ஓராண்டு முடிவில் வேரோடு பிடுங்குவர். வேருக்கும் விலை உண்டு. அதில் உள்ள அஜ்மலிசின் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கு மருந்தாகிறது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் நிர்மல், தவல் என்ற இரகங்களை வெளியிட்டது. காய்ந்த இலையும் வேரும் மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. உழவருக்குக் கிடைத்தது இலையின் எடைக்கான விலைதான், மருந்தின் விலை அன்று. தாயகமான மடகாஸ்கருக்கு அதுவும் முறையாகக் கிடைக்கவில்லை என்ற குறை, 1992-இன் பல்லுயிர் உடன்படிக்கை குறித்த விவாதங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது.

இந்த வரலாற்றை அரைகுறையாகக் கேட்டவர்கள் 'புற்றுநோய் மருந்தே இதிலிருந்துதான்' என்று சொல்லிப் பூவையும் இலையையும் கஷாயம் போட்டுக் குடிக்கின்றனர். மருத்துவமனையில் வின்கிரிஸ்டினைச் சிரை வழியாக மட்டுமே செலுத்துவர். உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு அளவை முடிவு செய்வர். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அந்த அளவிலேயே கைகால் மரத்துப்போதலும் கடும் மலச்சிக்கலும் வரக்கூடும். ஒரு பிடி இலையில் எந்த ஆல்கலாய்டு எவ்வளவு என்பதோ, செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். ஆடு மாடுகள் ஒதுக்குவதும் இந்தக் கசப்பையும் நஞ்சையும்தான். கருவுற்ற பெண்கள் இதை அறவே உட்கொள்ளக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கூடவே இக்கஷாயமும் குடித்துவந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.