தும்பறையிற் சிவந்த கனி

தெல்தெனியாவைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கும் அதற்கு மேலெழும் நக்கிள்ஸ் மலைச்சாரலும் உள்ளிட்ட கண்டிப் பிரதேசத்தின் காட்டோரங்களிலே, பெருமரங்களின் நிழலில், செந்நிறக் கனிகள் கொத்துக் கொத்தாய்ப் பழுத்த செடிகளைக் காணலாம். நட்டவர் எவருமின்றித் தாமே முளைத்தவை போலத் தோன்றும் இவை கோப்பிச் செடிகள். இவற்றின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடாகும். பறவைகளும் மரநாய்களும் கனியைத் தின்று வித்தைப் பரப்புவதால், மனிதர் கைவிட்ட பின்னரும் இச்செடி இங்கு நிலைத்துவிட்டது. அது எவ்வாறு வந்தது, எதனை விட்டுச் சென்றது என்பன வரலாற்று மாணவர் சிந்திக்கத் தக்கவை.

அராபியர் வழியாகவே கோப்பி இலங்கையை அடைந்தது என்பது பொதுவான கருத்து. ஒல்லாந்தர் கரையோரத் தாழ்நிலத்தில் அதனைப் பயிரிட முயன்று தோல்வியுற்றனர். கண்டி இராச்சியத்துக் குடிகளோ அதன் நறுமண வெண்பூவை விகாரைகளிற் படைத்தனர். இலையைக் கறிக்குப் பயன்படுத்தினர். கனியினுள் இருந்த இரட்டை வித்துக்கு உலகச் சந்தையில் விலையுண்டு என்பது அவர்களது வாழ்வைப் பாதிக்கவில்லை.

1815 இல் கண்டி பிரித்தானியர் வசமானதும் நிலைமை மாறிற்று. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அண்மையிலும், ஆள்பதி எட்வர்ட் பான்ஸ் கன்னொறுவையிலும் தோட்டங்களைத் தொடங்கினர். மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்குப் பிரித்தானியா அளித்துவந்த தீர்வைச் சலுகை 1835 இல் நீங்கியது. 1837 இல் இலங்கை வந்த ஆர். பி. டைட்லர், ஜமெய்க்காவிற் கற்ற செய்கைமுறையைத் தும்பறையிற் கையாண்டார். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைச் சான்று காட்டவியலாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாகக் கருத வழிசெய்தது. காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1870 இல் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியது. 1878 அளவில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரிற் கோப்பி நின்றது.

இச்செழிப்பைச் சுமந்தோர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். கோப்பிக்கு ஆண்டில் ஓர் அறுவடைக் காலமே உண்டு. ஆதலால் கங்காணிகளின் தலைமையிற் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவதே பலரது வழக்கமாயிற்று. பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 'கண்டிச் சீமை' என்னும் சொல் தமிழகக் கிராமங்களில் ஆசையையும் அச்சத்தையும் ஒருங்கே எழுப்பியது.

ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்த 1869 ஆம் ஆண்டிலேயே, அச்செய்கையை அழிக்கப்போகும் நோயும் மடுல்சீமைப் பகுதியில் இனங்காணப்பட்டது. இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடியாய்ப் படரும் இப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டனர். 1880 முதல் 1882 வரை இங்கு ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோய் பரவும் முறையைத் தெளிவாக்கினார். மலைத்தொடர்களை இடைவெளியின்றி ஒரே பயிரால் மூடியமை காற்றில் பரவும் நோய்வித்துக்கு வாய்ப்பாயிற்று என்பதும் புலப்பட்டது. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன.

கோப்பி விட்ட இடத்தைச் சில காலம் சிங்கோனாவும் பின்னர் தேயிலையும் நிரப்பின. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறித்தல் வேண்டும். எனவே வந்து திரும்பியோர் குடும்பத்தோடு தங்கலாயினர். பயிர் மாறியதும் வாழ்க்கை முறையே மாறிற்று. எனினும், அவர்களை வந்துபோவோராகவே நோக்கும் மனப்பாங்கு மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவரிடத்தும் தந்தையின், அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகிய இருவரதும், இலங்கைப் பிறப்புக்குச் சான்று வேண்டியது. கோப்பிக் காலத்திற் காட்டுவழி நடந்தோரின் வழித்தோன்றல்கள் எப்பத்திரத்தைக் காட்டுவது? நாடற்றோர் எனப்பட்டவர்களுள் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

பழைய தெல்தெனிய நகரம் 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்துவிட்டது. மேலே சரிவுகளிற் கோப்பி இன்னும் பழுக்கின்றது. வேற்று நாட்டிலிருந்து வந்த செடியை இம்மண்ணுக்குரியதாகக் கொள்ள எவரும் அதனிடம் பத்திரம் கேட்டதில்லை. அதனை நட்டு வளர்த்த மக்களுக்கோ அவ்வுரிமை கிட்ட நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மலைநாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் துரைமாரின் கணக்கேடுகளோடு இவ்வேறுபாட்டையும் கருத்திற் கொள்ளுதல் கடனாகும்.